லெஃப்ட் ஃபீல்ட் வரை ஒரு நடை

ஜனவரி 6, செவ்வாய்

எப்சிபா எட்டாம் வகுப்பில் இருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பள்ளி சாஃப்ட்பால் அணியில் அவளை மைதானத்தின் கோடியில் நிறுத்தியிருந்தேன். "பந்து நம்ம பக்கம் வராதப்ப நாம என்ன டீச்சர் செய்ய?" என்றாள். நல்ல கேள்வி. ஆர அமரப் பதில் சொன்னேன். அறிவியல் ஆசிரியை அல்லவா, மண்ணுக்குள் இருக்கும் வேரை உதாரணம் காட்டினேன், ரயில்வே கேட்காரரை உதாரணம் காட்டினேன், இதயத்தின் வால்வைக்கூடத் தொட்டதாக ஞாபகம். மணி அடித்துவிட்டது. பையைத் தோளில் மாட்டியபடியே, "அப்ப என்ன செய்யணும் டீச்சர்?" என்று மறுபடியும் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த எப்சிபா இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பிரசவ விடுப்பில் இருக்கிறாள். பல்கலைக்கழகப் போட்டி முடியும்வரை பேஸ்பால் அணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கேட்டாள். விளையாட்டு ஆசிரியரே இல்லாத பள்ளியில் பல வருடம் சாஃப்ட்பால் அணியை நடத்தியவள் நான். ஓய்வு பெற்றபின் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வாய்ப்பில்லாமல் இருந்தேன். சம்மதித்துவிட்டேன். அன்றன்று நடப்பதை எழுதி வைத்தால் திரும்பி வந்ததும் படித்துக்கொள்வேன் என்றாள். எழுதுகிறேன்.

மைதானம் பரவாயில்லை. வலது கோடியான ரைட் ஃபீல்டில் மட்டும் என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வேப்பங்கன்று நட்டு, முள்வேலியும் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பந்து போனால் எடுப்பதற்குள் எதிரணி காப்பி குடித்துவிட்டு வரலாம்.

கையுறை விஷயத்திலேயே பொறுமை போய்விட்டது. எறிகிற கை வலது என்றால் உறை இடது கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் வலது கையில் மாட்டியிருந்தார்கள். பந்தைப் பிடித்து, உறையைக் கழற்றி, கக்கத்தில் இடுக்கி, அதன்பிறகு எறிகிறார்கள். அதற்குள் ஓடுகிறவள் அடுத்த பேஸில் நின்று முடியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 7, புதன்

பந்து வீசும் மாரிக்கனி பயிற்சிக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். மூன்றாம் வருடம். வேகமாகவும் குறி தவறாமலும் வீசுகிறாள். அதிகம் பேசாதவள், இன்று தானாகவே பேசினாள். இரண்டு வருடமாகத் தேர்வுக்குழு வந்து பார்க்கிறது, இரண்டு வருடமும் அவளை எடுக்கவில்லை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால்தான் உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு கிடைக்கும். எப்சிபா மாதிரி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

"முழு மேட்ச் போடணும் டீச்சர். ஏழு இன்னிங்ஸும். பாதியில வெளிய வந்த பிட்சரை அவங்க கணக்குலயே எடுக்க மாட்டாங்க."

போடலாம், உன் பின்னால் நிற்கிறவர்கள் பந்தைப் பிடித்தால் நீ பதினான்கு இன்னிங்ஸ்கூடப் போடலாம் என்றேன். அவள் லெஃப்ட் ஃபீல்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஜனவரி 8, வியாழன்

இடது கோடியான லெஃப்ட் ஃபீல்டில் நிற்பவள் பேச்சியம்மாள். மான் மாதிரி ஓடுகிறாள். எறிந்தால் பந்து நூல் பிடித்த மாதிரி போகிறது. உயரத்தில் வரும் பந்தின் அடியில் சரியாகப் போய் நிற்கிறாள். நின்று, அது தரையில் ஒருமுறை குத்தி எழும்புவதை வேடிக்கை பார்க்கிறாள். பிறகு ஒரே கையால் லாவகமாகப் பிடித்து, கையைத் தூக்கிச் சிரிக்கிறாள்.

காரணத்தை, முகமூடி மாட்டி அடிக்கிறவளுக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் ரஹ்மத் நிஷா சொன்னாள். பேச்சி அண்ணன்மாரோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள். தங்கச்சி என்பதற்காக அவளுக்கு மட்டும் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். பந்து ஒரு பிட்ச் குத்தி வந்து அவள் ஒரு கையில் பிடித்தாலும் அவுட். பத்து வருடச் சலுகை உடம்பில் ஊறிவிட்டது. இங்கே குத்திவிட்டால் அவுட் இல்லை என்று அவளுக்கும் தெரியும். கால்களுக்குத்தான் தெரியவில்லை.

லெஃப்ட் ஃபீல்ட் வரை நடந்துபோய் எடுத்துச் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கி வரும்போது நாம் என்ன செய்கிறோம்? வழிந்து முடியட்டும் என்றா நிற்கிறோம்? எழும்பும்போதே கை போய்விடுகிறது அல்லவா?

பேச்சி யோசித்தாள். "பொங்கலன்னைக்கு வழியத்தானே டீச்சர் விடுவோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். வேறு உதாரணம் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

பேருந்து உதாரணம் சொன்னேன். நிறுத்தத்துக்கு நாம் முன்னால் போகிறோமா, பேருந்து வந்து நின்றபிறகு போகிறோமா? நன்றாகத் தலையாட்டினாள். அடுத்த பந்தும் குத்தித்தான் அவள் கைக்குப் போனது.

ஜனவரி 10, சனி

இன்றும் அதே. விளக்கினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பக்கத்து பாலிடெக்னிக் அணியோடு பயிற்சி ஆட்டம். தோற்றோம்.

முதல் இரண்டு இன்னிங்ஸில் மாரிக்கனியின் பந்தை அவர்களால் தொடவே முடியவில்லை. மூன்றாவதில் பேச்சி ஒரு சுலபமான கேட்சைக் குத்தவிட்டாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, லெஃப்ட் ஃபீல்ட் வரை போய், பொறுமையாக விளக்கிவிட்டு வந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் மாரிக்கனி நான்கு பந்தும் குறிக்கு வெளியே போட்டு ஒருத்தியை முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிடுகிறாள். நான்காவதில் பேச்சி மறுபடியும். மறுபடி போனேன். மறுபடி மாரிக்கனிக்குக் குறி தப்பியது. ஐந்தாவதில் அவள் தோளைச் சுழற்றிச் சுழற்றி நின்றாள். களைத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் களைக்கிற பிட்சரை வைத்துக்கொண்டு ஏழு இன்னிங்ஸ் எப்படிப் போவது?

எங்களிடம் இருக்கும் இன்னொரு பிட்சர் சுபிக்ஷா. மெதுவாக வீசுவாள். அடிக்கிறவளைக் குழப்பும் பந்து, ஆனால் ஒரு இன்னிங்ஸுக்கு மேல் ஏமாற்ற முடியாது. அவள் முன்கூட்டியே கை சூடேற்றிக்கொள்வது சைக்கிள் ஷெட்டின் ஓரத்தில். "ஷெட்டுக்குப் போ" என்றால் தயாராகு என்று அர்த்தம். இன்று அவளை மூன்று தடவை அனுப்பி இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டேன்.

"ஷெட்லயே நான் பி.ஏ. முடிச்சிருவேன் போல" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். ஏழு இன்னிங்ஸுக்கு இவ்வளவு நேரமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பிடிக்கத் தெரியாத பிள்ளைகள், நேரமாகத்தான் செய்யும் என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அவரிடம் பேச்சியின் கால்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்ததில் பால் பொங்கியதை நான் பார்க்கவில்லை. அவர்தான் குலவை போட ஆளில்லாமல் தனியாகக் கைதட்டினார்.

ஜனவரி 20, செவ்வாய்

கண் பரிசோதனைக்காக நேற்று மதுரை போயிருந்தேன். அதே பாலிடெக்னிக் அணியோடு மறு ஆட்டம் இருந்தது. ரஹ்மத் பார்த்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டார்களாம். மாரிக்கனி ஏழு இன்னிங்ஸும் போட்டாளாம். பேச்சி ஒன்றே ஒன்றுதான் விட்டாளாம். அதன்பிறகு ஓடிவந்து இரண்டு பிடித்தாளாம். வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிட்டதாம்.

அவர்களில் நன்றாக அடிக்கிற பெண் வந்திருக்க மாட்டாள் என்றேன். வந்திருந்தாள் என்றாள் ரஹ்மத். அப்படியென்றால் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். இல்லை டீச்சர், நல்லாத்தான் இருந்தா என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். முகமூடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, கண் எப்படி இருக்கு டீச்சர் என்று கேட்டாள்.

கண் நன்றாக இருக்கிறது. பார்வை தெளிவாக இருப்பதாக டாக்டரே சொன்னார்.

ஜனவரி 27, செவ்வாய்

பல்கலைக்கழகப் போட்டி தொடங்கியது. நான்கு அணிகள், எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை. எங்கள் மைதானத்திலேயே நடக்கிறது, வேப்பங்கன்று உட்பட. தேர்வுக்குழுவில் இருந்து மூன்று பேர் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். ஐந்தாவது இன்னிங்ஸில் மாரிக்கனியை எடுத்துவிட்டு சுபிக்ஷாவைப் போட்டேன். வேறு வழி? மாரிக்கனி இரண்டு பேரைச் சும்மா நடக்கவிட்டிருந்தாள். அதற்குச் சற்று முன்னால்தான் பேச்சியிடம் போய், மாடியில் காயப்போட்ட துணியையும் மழையையும் வைத்து ஒரு அருமையான உதாரணம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். முன்னேற வேண்டிய நேரத்தில் எல்லாம் பின்னால் போகிறது.

அம்பயர் சின்ன வயதுக்காரர். ஆட்டம் முடிந்ததும் வந்து மரியாதையாகத்தான் சொன்னார். பயிற்சியாளர் உள்ளே வந்து பிட்சரிடம் பேசினால் அது கணக்கு. ஒரே இன்னிங்ஸில் இரண்டாவது முறை நடந்தால் பிட்சரை மாற்றியே ஆக வேண்டும். நான் பிட்சரிடம் போகவில்லை, லெஃப்ட் ஃபீல்டுக்குப் போகிறேன் என்றேன். போகிற வழியில் பிட்சர் தோளில் கை வைத்துப் பேசிவிட்டுத்தானே மேடம் போறீங்க என்றார். இது என்ன வம்பு. வழியில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் எப்படித் தாண்டிப் போவது?

ஜனவரி 28, புதன்

எழுதவே கை வரவில்லை.

இரண்டாவது ஆட்டம். மூன்றாவது இன்னிங்ஸ்வரை மாரிக்கனி மாதிரி ஒருத்தி வீசிப் பார்த்ததில்லை. தேர்வுக்குழுவில் ஒருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்காவதில் பேச்சி ஒன்றைக் குத்தவிட்டாள். போனேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அடுத்தடுத்து இரண்டு பேர் அடித்துவிட்டார்கள். அடுத்த பந்து உயரமாக அவள் பக்கமே போனது. பேச்சி பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் என்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்தது.

எழுந்தேன். ரஹ்மத் முகமூடியைத் தூக்கிக்கொண்டு, "டீச்சர், வேண்டாம்" என்றாள். கேட்டது. ஆனால் கால் போய்க்கொண்டிருந்தது. மாரிக்கனியைத் தாண்டும்போது கை தானாக அவள் தோளுக்குப் போனது. "ஒன்னும் கவலப்படாத, அவளுக்கு ஒரு உதாரணம் சொல்லிட்டு வந்துருதேன்" என்றேன்.

அம்பயர் இரண்டு விரலைக் காட்டினார்.

அவ்வளவுதான். மாரிக்கனி வெளியே. தேர்வுக்குழுக்காரர் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டார். சுபிக்ஷா ஷெட்டுக்கே போயிருக்கவில்லை, கை சூடாகாமல் வந்து வீசினாள், அடித்து நொறுக்கினார்கள். நான் அம்பயரிடம் வாதாடினேன். விதிப் புத்தகத்தைக் காட்டினார். அதைப் போய் யார் இப்படி எழுதினார்கள்.

மாரிக்கனி பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, குழாயடியில் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாள்.

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சியின் அண்ணன்மார், அம்பயரின் வயது, விதிப் புத்தகம், என்.எஸ்.எஸ். எல்லாம். கேட்டுக்கொண்டே அவரைக்காய் உரித்தார்.

"நீ மேட்ச் ஆடப் போனியா, கிளாஸ் எடுக்கப் போனியா வடிவு?"

நாளை கடைசி ஆட்டம். மாரிக்கனிக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் மைதானத்துக்குப் போனதும் ரஹ்மத் வந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். நேற்று ராத்திரி பிள்ளைகள் எல்லாரும் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. யார் வந்து சொல்வது என்பதில் அவள் தலையில் விழுந்திருக்க வேண்டும்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. யாராவது பந்தை விட்டுட்டா இதுல ஒரு வாய் எடுத்து வாயில வச்சுக்கோங்க. அடுத்த பந்து போட்டப்புறம் முழுங்குங்க."

"எதுக்கு?"

"வெயில் டீச்சர்" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. காது சிவந்துவிட்டது. பிறகு மெதுவாக, "நீங்க எந்திரிச்சாலே பேச்சிக்குக் கை கால் ஓடலை. நீங்க போயிட்டு வாரதுக்குள்ள மாரிக்குக் கை ஆறிப்போகுது" என்றாள்.

வெயில் என்று அவள் முதலில் சொன்னதையே நான் எடுத்துக்கொண்டேன். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். இன்று வேடிக்கை பார்க்க அவரும் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாவது இன்னிங்ஸில் பேச்சி ஒன்றைக் குத்தவிட்டாள். வாய் நிறையத் தண்ணீர். ஒரு உதாரணம் நெஞ்சுவரை வந்தது, நல்ல உதாரணம், விழுது விடும் ஆலமரம். சொல்ல முடியவில்லை. மாரிக்கனி திரும்பி என் பெஞ்சைப் பார்த்தாள். நான் எழவில்லை என்று தெரிந்ததும் உடனே அடுத்த பந்தை வீசினாள். அடித்தவள் அவுட். விழுங்கினேன்.

நான்காவதில் பேச்சி ஓடிவந்து ஒன்றைப் பிடித்தாள். அப்போதும் என்னையறியாமல் ஒரு வாய் எடுத்து வைத்திருந்தேன்.

ஆறாவதில் நிஜமாகவே சோதனை. நாங்கள் ஐந்து, அவர்கள் மூன்று. மாரிக்கனி இரண்டு பேரை நடக்கவிட்டாள். தோளைச் சுழற்றினாள். ஷெட்டில் சுபிக்ஷா எப்போதோ தயார், பந்தைத் தட்டிக்கொண்டு என் கண்ணையே பார்க்கிறாள். இந்த இடத்தில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அவளும் எத்தனை தடவைதான் ஷெட்டோடு நிற்பாள். எழுந்துவிட்டேன். மாரிக்கனி பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பந்தைப் பிடித்த கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போனது, பறித்துக்கொள்வார்களோ என்று சின்னப் பிள்ளை மறைக்கிற மாதிரி. மாற்று என்று சொல்லலாம் என்றால் வாய் நிறையத் தண்ணீர். துப்பலாம். அம்பயர் பார்க்கிறார், தேர்வுக்குழு பார்க்கிறது, கட்டிய கணவர் பக்கத்தில் இருக்கிறார். உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ரன்தான் போனது. அந்தச் சிக்கலிலிருந்து மாரிக்கனி தானே மீண்டுவந்தாள். பிட்சரை மாற்றாமல் விட்டது அந்த நேரத்தில் நான் எடுத்த முடிவு என்றே பதிவு செய்கிறேன்.

ஏழாவது. ஐந்துக்கு நான்கு. இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். அடித்த பந்து லெஃப்ட் ஃபீல்டில், உயரமாகவும் இல்லாமல் தரையோடும் இல்லாமல், பேச்சிக்கு முன்னால் இறங்கியது. பாய்ந்தால் பிடிக்கலாம். தவறினால் பந்து பின்னால் போய்விடும், ஆட்டமும் போய்விடும். ஓடிவந்த பேச்சி நின்றுவிட்டாள். குத்தட்டும் என்று நின்றாள்.

மூன்று வாரமாக நான் சொன்ன அத்தனை உதாரணமும் வீண். பால், பேருந்து, மழை, எல்லாம்.

பந்து ஒருமுறை குத்தி அவள் நெஞ்சளவு எழும்பியது. அண்ணன்மாரின் தெருவில் ஆயிரம் தடவை பிடித்த பந்து அது. போகிற போக்கில் ஒரே கையில் எடுத்தாள். நிற்கவில்லை, உறையைக் கழற்றவில்லை. எறிந்தாள். நூல் பிடித்த மாதிரி என்று முன்பே எழுதியிருக்கிறேன். ரஹ்மத் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் வாங்கி, இரண்டாவது பேஸிலிருந்து ரன் எடுக்க ஓடி வழுக்கிவந்த பெண்ணின் காலில் தொட்டாள்.

அம்பயர் முஷ்டியைத் தூக்கினார். அவுட்.

பிள்ளைகள் எல்லாரும் ஓடிப்போய் மாரிக்கனியை மூடிக்கொண்டார்கள். அவள் தலை மட்டும் தெரிந்தது. ஏழு இன்னிங்ஸ்.

அவர் என் முழங்கையைத் தொட்டார். "முடிஞ்சிட்டு வடிவு. முழுங்கு."

பேச்சி கடைசியாக வந்தாள். திட்டு வாங்கத் தயாராக, தள்ளியே நின்றாள். பிடித்திருக்க வேண்டிய கேட்ச் அது என்று இருவருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வந்தது.

"ஒன் பிட்ச் அவுட்தானே டீச்சர்."

பிப்ரவரி 4, புதன்

பட்டியல் வந்தது. பதினாறு பெயரில் மாரிக்கனி இருக்கிறாள். செய்தியைப் போனில் ரஹ்மத் சொன்னாள். மாரிக்கனி நேரில் வந்தாள். வாசலில் நின்றபடியே பந்து ஒன்றை நீட்டினாள், கடைசி ஆட்டத்துப் பந்து. அதில் லெஃப்ட் ஃபீல்ட் மண் இன்னும் ஒட்டியிருந்தது. இதை நீங்களே வச்சுக்கோங்க டீச்சர் என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தாள். அரை மணி நேரம் அவள்தான் பேசினாள். இவ்வளவு பேசக்கூடியவள் என்று எனக்குத் தெரியாது.

சுபிக்ஷாவுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அடுத்த வருடம் ஷெட் ஓரத்துக்கும் ஒரு கூரையாவது போடச் சொல்லுங்கள் என்கிறாள். நியாயமான கோரிக்கை.

பிப்ரவரி 20, வெள்ளி

எப்சிபா குழந்தையோடு வந்தாள். பெண். விரல்கள் நீளம், பந்து பிடிக்கலாம். இந்த நாட்குறிப்பை அவளிடம் கொடுக்கப்போகிறேன் என்றதும், படிக்க நேரம் கிடைக்குமோ என்னவோ, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்க டீச்சர் என்று சிரித்தாள். எட்டாம் வகுப்பில் நீ ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா என்றேன். இருக்கு டீச்சர், நீங்க வால்வுவரைக்கும் போனீங்க, பதில் மட்டும் வரலை என்றாள்.

ஒரு உதாரணம் சொல்ல வாயெடுத்தேன். மேசையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

ஆகவே எப்சிபா, உனக்கும், உனக்குப்பின் அந்தப் பெஞ்சில் உட்காரப்போகிறவர்களுக்கும் எழுதி வைக்கிறேன். யாராவது பந்தைத் தவறவிட்டால் ஒரு வாய் தண்ணீர் எடுத்து வாயில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பந்து வீசப்பட்ட பிறகு விழுங்குங்கள்.